நிஞ்ஜா கலை: டோஜோவா, பழைய நூலா?

பழைய ஜப்பானிய ஒற்றர்களான நிஞ்ஜாக்களின் கலையில் ஆர்வம் வந்தவர்கள் தடுமாறுவது இங்கேதான்: அதைக் கற்பிக்கும் புஜின்கான் அமைப்பின் டோஜோவில் (பயிற்சிக்கூடத்தில்) சேர்வதா, 17ஆம் நூற்றாண்டு ஜப்பானிய நூல்களைப் படிப்பதா?

செலவு
டோஜோ: மாதக் கட்டணம், சீருடை என்று தொடரும்.
நூல்: மொழிபெயர்ப்பை ஒருமுறை வாங்கினால் போதும்.

கிடைப்பது
டோஜோ: ஆரம்பத்திலேயே விழக் கற்றுத்தருவார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, தோளில் தொடங்கி முதுகின் குறுக்கே எதிர்ப்புற இடுப்பு வரை உருண்டு எழ வேண்டும். தலை தரையில் படாது. படித்து வராது இது, உருண்டு உருண்டுதான் வரும். ஈரத்தரையில் வழுக்கும்போதும் கைகொடுக்கும்.
நூல்: 1676இல் தொகுக்கப்பட்ட 'பான்சென்ஷுகாய்' கருவிகளுக்கு முன்பே மன நேர்மையைப் பேசுகிறது. சுயநலத்துக்கு இக்கலையைப் பயன்படுத்தாதே என்பது அதன் அடிப்படை. 1681இன் 'ஷோனின்கி' வணிகர், துறவி போன்ற வேடங்களையும், மனிதர்களின் மனப்போக்கை அறிவதையும் விளக்குகிறது.

வரலாற்று உறுதி
டோஜோ: புஜின்கான், ஜப்பானியத் தற்காப்புக் கலை ஆசான் ஹட்சுமி மசாக்கி 1970களில் நிறுவிய அமைப்பு. தன் மரபு பல நூற்றாண்டுப் பழமையானது என்கிறது. ஆய்வாளர்கள் பலர் ஐயப்படுகிறார்கள்.
நூல்: சான்று வலுவானது. ஆனால் கைச்சண்டை தேடிப் போனால் ஏமாற்றம்தான்.

உடல் வளையவும் விழும் பயம் போகவும் டோஜோ. மூட்டுவலி இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். அலுவலகத்திலும் வீட்டிலும் பதறாமல் ஆட்களைக் கவனிக்கப் பழக வேண்டுமா? 'ஷோனின்கி'யில் தொடங்குங்கள். ஒன்றுதான் முடியும் என்பவருக்கும் நான் சொல்வது அதையே.