7075-ஆ, 2024-ஆ? விமான இறக்கை சொல்லும் பதில்

விமானத்துக்கான அலுமினியக் கலவை என்றதும் பலரும் முதலில் புரட்டுவது இழுவலிமை அட்டவணையைத்தான். அதில் 7075 எளிதாக வென்றுவிடும். துத்தநாகம் மிகுந்த இந்தக் கலவை டி6 பதத்தில் சுமார் 570 மெகாபாஸ்கல் தாங்கும் (பதம் என்பது கலவையைச் சூடேற்றிக் குளிரவைத்து இறுகச் செய்யும் முறை; டி6, டி3 அதன் வகைகள்). செம்பு கலந்த 2024, டி3 பதத்தில் 480-ஐ ஒட்டி நின்றுவிடும். எடையிலும் விறைப்பிலும் பெரிய வேறுபாடு இல்லை. அப்படியிருந்தும், 1931-இல் வந்த 2024-ஐ 7075-ஆல் அசைக்க முடியவில்லை.

காரணம் இறக்கையில் தெரியும். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைகிறது. மேல்தகடு அமுக்கப்படுகிறது, கீழ்த்தகடு இழுபடுகிறது. அமுக்கத்தில் விரிசல் எளிதில் வாய் திறக்காது. அங்கே வேண்டியது வலிமை, எனவே 7075. கீழ்த்தகடோ ஒவ்வொரு பயணத்திலும் இழுபட்டுத் தளர்கிறது. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியின் துளை ஓரத்தில் மயிரிழையாக ஒரு விரிசல் பிறந்தால், 2024-இல் அது மெதுவாகத்தான் வளரும். அடுத்த பரிசோதனையில் கண்ணில் பட நேரம் கிடைக்கும். 7075 டி6 அவ்வளவு பொறுமை காட்டாது. பயணிகள் உட்காரும் உடற்பகுதியும் காற்றழுத்தத்தால் மீண்டும் மீண்டும் விரிந்து சுருங்குவது. அதன் மேலுறைக்கும் 2024-ஐத் தேர்ந்தெடுத்தது மிகச் சரியான முடிவு என்பேன்.

7075-க்கு இன்னொரு பலவீனமும் உண்டு. தடித்த பாகங்களில், டி6 பதத்தில், தடிமன் திசையில் இழுவிசை நிலைத்து நின்று ஈரமும் உப்பும் சேர்ந்தால், உலோகத் துகள்களின் எல்லை வழியே விரிசல் ஓடும். இதற்காகவே டி73 பதம் வந்தது. உச்ச வலிமையைத் தாண்டியும் சூட்டில் வைத்துப் பதப்படுத்துவார்கள். வலிமையில் 10 முதல் 15 சதவீதம் போகும், அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். கொடுக்கத் தகுந்த விலைதான்.

2024-உம் குறையற்றதல்ல. செம்பு இருப்பதால் எளிதில் அரிக்கும். தகடுகளின் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய படலமாகப் போர்த்துவது அதனால்தான். சூடேற்றித் தண்ணீரில் தோய்த்த பின், அறை வெப்பநிலையிலேயே 2024 தானாக இறுகத் தொடங்கிவிடும். அதனால் 2024 ரிவெட்டுகளைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, எடுத்த சில நிமிடங்களுக்குள் அடித்துவிட வேண்டும். தாமதித்தால் தலை விரிசல் விடும்.

உருக்கிப் பற்றவைக்க இரண்டுமே ஏற்றவை அல்ல.

பழுதுபார்க்கும்போது, வலிமை கூடுதல் என்று 2024 தகடு இருந்த இடத்தில் 7075-ஐ ஒட்டுப்போடுவது கூடாது. வடிவமைப்பாளர் அந்த இடத்தில் எண்ணியிருந்தது விரிசலின் வேகத்தை. தயாரிப்பாளரின் பழுதுநீக்கக் கையேடு சொல்லும் கலவை, பதம், தடிமன் மூன்றையும் அப்படியே பின்பற்ற வேண்டும்.