ஹெம்ப் டெர்பீன் ரோல்-ஆன்: வேலூர் வெயிலைத் தாங்குமா, கொடுத்த காசுக்குத் தகுமா?

10 மில்லி கண்ணாடி பாட்டில், வாயில் உருளும் ஒரு குண்டு, லேபிளில் ‘ஹெம்ப் டெர்பீன் கலவை’. ஹெம்ப் என்பது போதை மிகக் குறைவான கஞ்சாச் செடி வகை, டெர்பீன் என்பது செடிகளுக்கு மணம் தரும் பொருள். அதற்குக் கீழே மன அமைதி, நல்ல தூக்கம், வலி நிவாரணம் என்று மூன்று வாக்குறுதி. இணையத்தில் ஆர்டர் போட்டால் சத்துவாச்சாரிக்கும் காட்பாடிக்கும் வீடு தேடி வருகிறது, விலை 700 ரூபாயை ஒட்டி. வாசனைக்காக வாங்குவதென்றால் சரி, சுமாருக்கு ஒரு படி மேல். மருந்தென்று நினைத்து வாங்குவதாக இருந்தால் வேண்டாம். இந்த ரகத்தில் வரும் பாட்டில்கள் பெரும்பாலும் ஒரே சாயல்தான் என்பதால் பிராண்ட் பெயர் போடவில்லை.

முதலில் லேபிளின் பின்பக்கம். ஹெம்ப் விதை எண்ணெய், லிமோனின், பீட்டா-கேரியோஃபிலின், லினலூல், மிர்சீன், வைட்டமின் ஈ. படிக்கிறவர் இத்தனையும் கஞ்சாச் செடியிலிருந்து வந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்தச் செடியின் வாசனைப் பொருள்கள் இருப்பது பெண் பூக்களின் மேல் பனித்துளி போல ஒட்டியிருக்கும் பிசின் சுரப்பிகளில். விதையில் அவை இல்லை என்றே சொல்லலாம். விதையை ஆட்டினால் கிடைப்பது ஒமேகா-6, ஒமேகா-3 கொழுப்புகள் ஏறக்குறைய 3-க்கு 1 என்ற விகிதத்தில் உள்ள பச்சை எண்ணெய். முகர்ந்தால் பச்சை வேர்க்கடலை மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அப்படியானால் பாட்டிலில் மணப்பது? ஆரஞ்சுத் தோல், கிராம்பு, பைன் மரம் போன்றவற்றிலிருந்து பிரித்தெடுத்துச் சேர்த்தது. இதில் ஏமாற்று இல்லை, எந்தச் செடியில் இருந்தாலும் லிமோனின் லிமோனின்தான். அதைச் சொல்லாமல் ‘ஹெம்ப்’ என்ற எழுத்தை மட்டும் பெரிதாக அச்சடித்திருப்பதுதான் உறுத்துகிறது.

கஞ்சாவின் அந்தக் காட்டமான நெடியும் இதில் வராது. அந்த நெடிக்குக் காரணம் டெர்பீன் அல்ல, மிகச் சிறிய அளவில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் என்று 2021-ல் வெளியான ஆய்வு காட்டியது. வீட்டில் பெரியவர்கள் சந்தேகப்படுவார்களோ என்ற கவலை வேண்டாம். எலுமிச்சை சோப்பும் மிளகும் கலந்த மணம்தான் வரும்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி போதும். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்பது பூக்கிற, காய்க்கிற நுனிப்பகுதி. நுனியோடு சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வராது. ஹெம்ப் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2021-ல் வழிவிட்டது, போதை தரும் பொருளான டிஎச்சியின் அளவுக்கு உச்சவரம்பும் வைத்தது. ‘பூவிலிருந்தே இறக்கிய அசல்’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் விற்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ரயிலில் கொண்டுபோகிறவர்கள் பில்லைப் பையிலேயே வைத்திருப்பது நல்லது. ஹஷீஷுக்கு (கஞ்சாப் பிசின்) பழக்கிய மோப்ப நாய்கள் பிடிக்கும் வாசனைகளில் முக்கியமானது கேரியோஃபிலின் ஆக்சைடு. பழைய பாட்டிலில் கேரியோஃபிலின் காற்று பட்டு அதுவாகத்தான் மாறும். காட்பாடி ஸ்டேஷனில் நின்று நாய்க்கு வேதியியல் விளக்க முடியாது.

இனி வாக்குறுதிகள். நான்கு பொருளில் அறிவியல் ரீதியாகக் கனமானது பீட்டா-கேரியோஃபிலின். நம் உடம்பில் கஞ்சாப் பொருள்கள் ஒட்டும் இரண்டு ஏற்பிகளில் சிபி-2 என்பதை இது நேரடியாகத் தூண்டுகிறது என்று 2008-ல் நிரூபித்தார்கள். சிபி-2 பெரும்பாலும் நோய் எதிர்ப்புச் செல்களில் இருப்பது, போதை தருவது சிபி-1. அதனால் இது மயக்காது, எலிகளில் வீக்கத்தைக் குறைத்திருக்கிறது. ஆனால் எலிக்கு வாய்வழியே அளந்து கொடுத்ததற்கும், மணிக்கட்டில் ஒரு கோடு இழுப்பதற்கும் சம்பந்தமில்லை.

லினலூல் விஷயத்தில் மனிதர்களிடம் நடந்த நல்ல ஆய்வுகள் உண்டு. ஆனால் அவை லினலூல் நிறைந்த லாவெண்டர் எண்ணெயை 80 மில்லிகிராம் கேப்ஸ்யூலாக தினமும் விழுங்கவைத்து, பதற்றம் குறைகிறதா என்று பார்த்தவை. ரோல்-ஆன் கம்பெனி அந்த ஆய்வின் நிழலில் நிற்கிறது. லிமோனினுக்கு 2024-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஒரு சிறு ஆய்வு நடந்தது. டிஎச்சியோடு சேர்த்து ஆவியாக இழுத்தபோது டிஎச்சி கிளப்பும் பதற்றத்தை அது தணித்தது. லிமோனினை மட்டும் இழுத்தவர்களுக்கு ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. இந்த பாட்டிலில் டிஎச்சி கிடையாது என்பதால் அந்த ஆய்வை விளம்பரத்தில் இழுப்பது அபத்தம். மிர்சீன் தூங்கவைக்கும் என்பதற்கு ஆதாரம் எலிகளுக்குக் கொடுத்த பெரிய டோஸ்தான்.

கூடவே வரும் துண்டுச்சீட்டில் ஒரு கொதிநிலை அட்டவணை இருக்கிறது. அதில் கேரியோஃபிலின் 130 டிகிரி என்று போட்டிருக்கிறார்கள். அது அழுத்தத்தைக் குறைத்து வடிக்கும்போது உள்ள எண். சாதாரணக் காற்றழுத்தத்தில் 250-ஐத் தாண்டும். மிர்சீனுக்கு 167, லிமோனினுக்கு 176, லினலூலுக்கு 198 என்பவை சரி. இணையம் முழுக்கச் சுற்றும் தவற்றை அப்படியே நகல் எடுத்த கம்பெனி, தன் சரக்கை எவ்வளவு சோதித்திருக்கும்?

சோதிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. காபி ஃபில்டர் தாளோ வெள்ளை டிஷ்யூவோ எடுத்து ஒரு சொட்டு வையுங்கள். முதல் சில நிமிடம் தூக்கலாக வருவது லிமோனின், மிர்சீன் போன்ற இலகுவானவை. சில மணி நேரத்தில் அவை போய், அடியில் மிளகு, கிராம்பு வாடை தங்கினால் கேரியோஃபிலின் உண்மையிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். மறுநாள் காலையில் தாளில் எண்ணெய்க்கறை மட்டும் இருக்கும், அது விதை எண்ணெய். எண்ணெய்க்கறையில் சிக்கு வாடையோ பெயின்ட் வாடையோ அடித்தால் பாட்டில் பழசு, திருப்பி அனுப்புங்கள். இந்த ரோல்-ஆன் தாள் சோதனையில் தேறியது. மணம் நேர்மையாகத்தான் இறங்குகிறது.

வேலூருக்கு வரும்போது பிரச்சினையே வேறு. கத்திரி வெயிலில் 40 டிகிரிக்கு மேல் வெந்துகொண்டிருக்கும் வண்டியில் கூரியர் பெட்டி கிடக்கிறது. சூட்டில் இலகுவான டெர்பீன்கள் குண்டின் ஓரமாகக் கசிந்து போகும். மீதி இருக்கும் லிமோனினும் லினலூலும் காற்றோடு சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடு ஆகும். புதிதாக இருக்கும்போது தோலுக்கு அவ்வளவாகக் கெடுதல் செய்யாதவை, இப்படி மாறியபின் அரிப்பும் தடிப்பும் கொண்டுவரும். விதை எண்ணெயும் சீக்கிரம் சிக்கு பிடிக்கும் வகை. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் வாங்கவே வாங்காதீர்கள். வாங்கியதை இருட்டில், ஃப்ரிட்ஜ் கதவில், மூடியை இறுக்கி வையுங்கள். திறந்த தேதியை லேபிளில் எழுதி, ஆறு மாதத்தில் தூக்கிப் போடுங்கள்.

இதே கம்பெனிகள் கலக்காத டெர்பீன் துளியும் விற்கின்றன. அதில் ஒரு சொட்டைத் தெர்மாகோல் துண்டின் மேல் விட்டுப் பாருங்கள். சத்தமில்லாமல் குழி விழும், ஓரம் பாகு மாதிரி இழுபடும். லிமோனின் அப்படிப்பட்ட கரைப்பான். அதைப் பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றி வைத்தாலோ, ரப்பர் குமிழ் வைத்த டிராப்பரோடு விட்டுவைத்தாலோ, ரப்பர் இளகிப் பிசுபிசுக்கும். நேரடியாகத் தோலில் தடவவே கூடாது. 10 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 2 அல்லது 3 சொட்டு, அதாவது சுமார் 1 சதவீதம் போதும். முழங்கையின் உட்புறம் தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடம். ஆஸ்துமா, கர்ப்பம், வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். வீட்டில் பூனை இருந்தால் மணம் பரப்பும் டிஃப்யூசரில் ஊற்றவே ஊற்றாதீர்கள், இந்தப் பொருள்களை உடைத்து வெளியேற்ற அதன் ஈரலால் சரிவர முடிவதில்லை.

மணம்தான் நோக்கம் என்றால் லாங் பஜார் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ப் பாருங்கள். முழு மிளகில் கேரியோஃபிலின் தாராளம். தூள் வாங்காதீர்கள், அரைத்து நாளானால் மணம் போய்விடும், உரலில் அப்போதைக்கு அப்போது நுணுக்க வேண்டும். கொத்தமல்லி விதையிலிருந்து இறக்கும் எண்ணெயில் பாதிக்கு மேல் லினலூல்தான். ஒரு ஸ்பூன் விதையை ஒன்றிரண்டாக இடித்து வெந்நீரில் போட்டு, தட்டால் மூடி பத்து நிமிடம் விடுங்கள். மூடாவிட்டால் மணம் சமையலறைக்குத்தான் போகும். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனின், தோலை மடித்துப் பிதுக்கினால் தெறிப்பது அதுவே. மூன்றுக்கும் சேர்த்து நூறு ரூபாய் ஆகாது.

ரோல்-ஆன்தான் வேண்டும் என்கிறவர்கள் ஆர்டருக்கு முன் விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஜிசி-எம்எஸ் பரிசோதனை அறிக்கை இந்த பாட்ச் எண்ணுக்கு இருக்கிறதா? தயாரித்த மாதம் எது? பதிலுக்கு பொதுவான ஒரு பிடிஎஃப் அனுப்பி, அதில் பாட்ச் எண் இல்லாவிட்டால் ஆர்டர் போடாதீர்கள். நாங்கள் பார்த்த இந்த பாட்டிலில் தயாரித்த மாதம் இருந்தது, பாட்ச் அறிக்கை இல்லை. மணத்துக்கு ஐந்தில் மூன்றரை, லேபிளுக்கு ஐந்தில் ஒன்று.