ருத்தேனியமா, இரிடியமா?

செல்லுக்குள் ஒளிரவிட்டுப் பார்க்க இந்த இரண்டு உலோகங்களின் சேர்மங்களில் எதை எடுப்பது? டிஎன்ஏதான் குறி என்றால் யோசிக்காமல் ருத்தேனியம் என்பேன். 1990இல் வந்த, டிபிபிஇசட் என்ற ஈனி (உலோகத்தோடு பிணைந்திருக்கும் மூலக்கூறு) கொண்ட ருத்தேனியச் சேர்மம் தண்ணீரில் இருட்டாகக் கிடக்கும், டிஎன்ஏ ஏணியின் படிகளுக்கு நடுவே நுழைந்ததும் சுவிட்ச் போட்டதுபோல் ஒளிரும், அதனால் பின்னணி வெளிச்சத் தொல்லை ரொம்பக் குறைவு. எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

இரிடியத்தின் பலம் நிறம். ஈனியை மாற்றினால் நீலத்திலிருந்து சிவப்புவரை கிடைக்கும். ருத்தேனியம் பெரும்பாலும் ஆரஞ்சு, சிவப்புப் பக்கமே. மைட்டோகாண்ட்ரியாவைப் பார்க்க வேண்டுமா? நேர்மின்சுமையோடு கொழுப்பிலும் கரையும் இரிடியச் சேர்மங்கள் தாமாகவே அங்கே போய்ச் சேரும்.

ஆக்சிஜன் பட்டால் இரண்டுமே மங்கும், ஆக்சிஜன் அளவைக் காட்டும் உணரிக்கு அதுவே வசதி. அப்புறம் சிகிச்சை: ஒளி பட்டால் புற்றுசெல்களைக் கொல்லும் டிஎல்டி-1433 என்ற ருத்தேனியச் சேர்மம், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் பச்சை ஒளி பாய்ச்சி, நோயாளிகளிடம் சோதிக்கும் கட்டத்துக்கே வந்துவிட்டது.