நெளிந்த மூளைப் படத்தை நிமிர்த்த: டாப்அப்பா, ஃபீல்டுமேப்பா, ஆன்ட்ஸா?

டிஃப்யூஷன் எம்ஆர்ஐ (திசுவுக்குள் நீர் நகர்வதைக் காட்டும் ஸ்கேன்) படத்தை அதே ஆளின் டி1 படத்தின் (மூளையின் அமைப்பைத் தெளிவாகக் காட்டும் ஸ்கேன்) மேல் வைத்துப் பாருங்கள். மூளையின் நடுப்பகுதி ஓரளவு பொருந்தும். கண்ணுக்கு மேலே, நெற்றிப்பக்கம் வந்தால் இழுபட்டோ நசுங்கியோ கிடக்கும். மூக்கை ஒட்டிய காற்றறைகள் செய்கிற வேலை. காற்றும் திசுவும் சேரும் இடத்தில் காந்தப்புலம் கோணும். டிஃப்யூஷனுக்கு வழக்கமாகப் பயன்படும் அதிவேக முறையான இபிஐயில் எடுத்த படம், அந்தக் கோணலை ஃபேஸ் என்கோடிங் திசையில் (ஸ்கேனர் இடத்தைக் குறிக்கும் அச்சுகளில் ஒன்று) பல மில்லிமீட்டர் நகர்வாகக் காட்டும். படத்தைத் திருப்பி நகர்த்த மட்டுமே தெரிந்த ரிஜிட் பொருத்தத்துக்கு இது பிடிபடாது.

என் ஓட்டு எஃப்எஸ்எல் என்ற மூளைப்பட மென்பொருள் தொகுப்பின் டாப்அப்புக்கு. 2003-இல் ஆண்டர்சன், ஸ்கேர், ஆஷ்பர்னர் மூவரும் சொன்ன வழி அது. ஒரு பி0 படத்தை (டிஃப்யூஷன் எடை சேர்க்காதது) முன்னிருந்து பின்னாக எடு, இன்னொன்றைப் பின்னிருந்து முன்னாக எடு. ஒன்றில் நீண்டது மற்றதில் சுருங்கியிருக்கும். சரியான வடிவம் இரண்டுக்கும் நடுவில். நசுங்கி ஒரே வாக்செலில் (முப்பரிமாணப் படப்புள்ளி) குவிந்த சிக்னலையும் எதிர்த்திசைப் படத்தின் துணையோடு ஓரளவு பிரித்தெடுக்கலாம். ஸ்கேனரில் இதற்குக் கூடுதலாகப் போவது சொற்ப நேரம்தான். டாப்அப்பின் அடம் வேறு மாதிரி: ஸ்லைஸ் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் வழக்கமான கான்ஃபிக் கோப்பு ஓடாது. அந்தப் பிழைச்செய்தியை முதன்முதலில் பார்த்த அன்று ஒரு மாலை முழுக்கப் போனது. கடைசியில் வெற்றாகக் கிடந்த உச்சி ஸ்லைஸ் ஒன்றை வெட்டிப் போட்டேன்.

ஃபீல்டுமேப் புலத்தை நேரடியாக அளக்கிறது. சிறு இடைவெளியில் இரு சிக்னல்களை (எக்கோ) பிடித்து ஒப்பிடுகிறது; 3 டெஸ்லா ஸ்கேனரில் அந்த இடைவெளி பெரும்பாலும் 2.46 மில்லிவினாடி. ஆனால் குவிந்துபோன சிக்னலை அதனால் பிரிக்க முடியாது. நடுவில் ஆள் தலையை அசைத்தாலும் வம்பு. ஃபீல்டுமேப்பை வைத்துப் படத்தை நிமிர்த்தும் எஃப்எஸ்எல் கருவியான ஃபியூகில் திசைக்குறியை மாற்றிப் போட்டால் கோணல் இரட்டிப்பாகும். நெற்றி ஓரத்தை ஒருமுறை பார்த்தால் தெரிந்துவிடும்.

கூடுதல் ஸ்கேன் எதுவும் இல்லையா? படங்களைப் பொருத்தும் மென்பொருளான ஆன்ட்ஸின் சின் என்ற வளைத்துப் பொருத்தும் முறை மூலம் இபிஐயை டி1 மேல் வளைக்கலாம். விளிம்புகள் அழகாக ஒட்டும், உள்ளே நடந்தது ஊகம்தான். பழைய தரவுக்கு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த சின்பி0 என்ற கருவியே மேல்: டி1-ஐ வைத்துக் கோணாத பி0 ஒன்றைச் செயற்கையாகச் செய்து டாப்அப்புக்கே கொடுக்கிறது. கட்டியோ அறுவைத் தழும்போ உள்ள மூளையில் மட்டும் நான் அதைக் கண்ணால் பார்க்காமல் நம்புவதில்லை.

எந்த வழியில் நிமிர்த்தினாலும் டி1-உடன் சேர்க்க பிபிஆர் போதும்: வெள்ளை, சாம்பல் திசுக்களின் எல்லையைப் பிடித்துப் பொருத்துவது. சேர்த்தபின் முதலில் நான் பார்ப்பது வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் திரவம் நிறைந்த அறை) ஓரம்.