மன்னார்குடி பக்கம் பழைய மாஸிக்கு பி.டி.ஓ. பார்க்கும் பட்டறை: போகலாமா?

மாஸி ஃபெர்குசன் 35 டிராக்டரை இன்னும் விற்காமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையில் போர்டு எதுவும் இல்லாத ஒரு டிராக்டர் பட்டறை இருக்கிறது, டீக்கடையில் கேட்டால் கை காட்டுவார்கள். பி.டி.ஓ., அதாவது பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றவைக்கும் ஷாஃப்ட், தொல்லை கொடுத்தால் தாராளமாகப் போகலாம், ஆனால் சில விஷயங்களுக்கு மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

எங்கள் வண்டியில் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் தூக்கிய நிலையில் நன்றாகச் சுற்றும், மண்ணில் இறக்கினால் கொஞ்ச தூரம் போய் டக்கென்று நின்றுவிடும். முதலில் காட்டிய வேறொரு இடத்தில், கிளட்ச் போய்விட்டது, வண்டியை நடுவில் பிரித்து கிளட்ச் செட்டையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகையைச் சொன்னார்கள். இந்தப் பட்டறை மிஸ்திரி ஸ்பேனரைத் தொடவே இல்லை. "நிக்கிறப்போ லிஃப்ட் தூக்குதா தம்பி?" என்று மட்டும் கேட்டார், கருவியைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் லிஃப்டைத்தான். தூக்குகிறது என்றதும் "அப்ப கிளட்ச்சை விடு" என்றார்.

காரணம் எளிமையானது. டபுள் கிளட்ச் வைத்த 35-இல் பெடலைப் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், பி.டி.ஓ. சுற்றிக்கொண்டே இருக்கும், முழுக்க மிதித்தால்தான் அதுவும் நிற்கும். அந்த இரண்டாவது கிளட்ச்சிலிருந்துதான் ஹைட்ராலிக் பம்புக்கும் ஓட்டம் போகிறது. எனவே இரண்டும் சேர்ந்து படுத்தால் கிளட்ச்சைச் சந்தேகப்படலாம். லிஃப்ட் பாட்டுக்கு வேலை செய்ய, பின்னால் ஷாஃப்ட் மட்டும் மொத்தமாக நின்றால் கோளாறு பம்பைத் தாண்டித்தான். ஷாஃப்ட் நிற்காமல் சுமையில் தடுமாறி, கருகிய வாசனை வந்தால் அது வேறு கதை, அங்கே பிளேட் தேய்ந்திருக்கும் அல்லது ஆயில் பட்டிருக்கும். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் காட்டர் பின் தொங்கும் சின்ன ஓட்டையைப் பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும்: அங்கே ஆயில் சொட்டினால் ஏதோ ஒரு சீல் போயிருக்கிறது. கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் இன்ஜின் பக்கம், இல்லையென்றால் கியர்பாக்ஸ் பக்கம்.

அப்புறம் பி.டி.ஓ. லிவரை கிரவுண்ட் ஸ்பீடுக்கு மாற்றி வண்டியை மெதுவாக நகர்த்தச் சொன்னார். அந்த நிலையில் ஷாஃப்ட் இன்ஜின் வேகத்தில் இல்லாமல் சக்கரத்தின் வேகத்தில் சுற்றும். சுற்றியது, அதாவது ஷாஃப்ட் உடையவில்லை. கடைசியாக லிவரைத் திரும்ப இன்ஜின் ஓட்டத்துக்கு மாற்றி, ரோட்டவேட்டரை பட்டறை முற்றத்து மண்ணிலேயே இறக்கி, லிவரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நிற்கவில்லை. கையை விட்டதும் லிவர் நழுவி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. இவ்வளவுதான் வியாதி!

இடது பக்கத்து மூடியைக் கழற்றினாலே வேலை முடியும், வண்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. என்ன, கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில் என்பதால் ஏறத்தாழ 30 லிட்டரையும் இறக்க வேண்டும், சுத்தமான டின்களை நீங்களே கொண்டு போங்கள், அங்கே இருக்கும் டின்களை நம்ப வேண்டாம். லிவரை நிறுத்தி வைக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, லிவர் தள்ளிப் பூட்டும் கப்ளிங்கின் பல் முனை மழுங்கி இருந்தது. கிளட்ச்சை முழுக்க மிதித்து ஒரு நொடி பொறுக்காமல் கரகரவென்று லிவரைத் தள்ளும் டிரைவர்களின் கைங்கரியம்தான் அது. இரண்டையும் மாற்றியாயிற்று. ஆன செலவு, முதல் இடத்தில் சொன்னதில் ஒரு சிறு பங்கு. இப்போது சேற்று உழவிலும் நிற்காமல் ஓடுகிறது. ஆறு அடி ரோட்டவேட்டரை மாட்ட வேண்டாம், 35 குதிரை வண்டிக்கு ஐந்தே அதிகம் என்று திட்டு வேறு வாங்கினேன், அதில் நியாயம் இருக்கிறது.

குறைகளும் உண்டு. பில் தரமாட்டார். ஸ்பேர் நாம்தான் வாங்கி வர வேண்டும், அதுவும் பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போகாவிட்டால் கடைக்காரர் புது மாடலுக்கானதைக் கொடுத்துவிடுவார். எனக்கு உண்மையில் கோபம் வந்தது வேறு விஷயத்தில்: ஷாஃப்ட்டுக்கு மேல் மூடி இல்லாமல், தொளதொள கைலியோடு பக்கத்தில் நின்று ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். 540 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று, துணி சிக்கினால் கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது. சொன்னால் சிரிக்கிறார்கள். நீங்கள் போனால் எட்டியே நில்லுங்கள், கூட்டிப்போகும் பையன்களையும் எட்டியே நிற்க வையுங்கள்.

கோடையிலேயே போய்விடுங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டால் அப்புறம் அவரைப் பட்டறையில் பிடிக்க முடியாது, ஏதாவது ஒரு வயலில் யாருடைய வண்டிக்கு அடியிலாவதுதான் படுத்திருப்பார்.