விஎஸ்எஃப்டிபிடி: மறுக்கத் தெரிந்த சர்வர்

லினக்ஸில் எஃப்டிபி சர்வர் (நெட்வொர்க் வழியே கோப்புகளை அனுப்பவும் வாங்கவும் உதவும் நிரல்) என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது விஎஸ்எஃப்டிபிடிதான். டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ரெட்ஹேட் ஆகிய லினக்ஸ் வகைகள் (டிஸ்ட்ரோ) எல்லாவற்றின் மென்பொருள் களஞ்சியத்திலும் இருக்கிறது. எழுதியவர் கிறிஸ் எவன்ஸ். 2015இல் வந்த 3.0.3, 2021இல் வந்த 3.0.5 ஆகிய பதிப்புகள்தான் இன்று அதிகம் ஓடுகின்றன. சின்ன நிரல், ஒரே ஒரு அமைப்புக் கோப்பு, நினைவகமும் அதிகம் கேட்காது. தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஆனால் சந்தேகம் வந்தால் அனுசரித்துப் போகிற பழக்கம் அதற்குக் கிடையாது, கதவைச் சாத்திவிடும். ஏன் சாத்தியது என்பதைக் கிளையன்டிடம் (இணைய வரும் நிரலிடம்) புரியும்படி சொல்வதும் இல்லை. நிறுவிய முதல் நாளில் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இந்தக் குணத்தால் வருபவை.

டெபியன் குடும்பத்தில் நிறுவியதும் சர்வீஸ் தானாகவே ஓடத் தொடங்கும். ரெட்ஹேட் குடும்பத்தில் சிஸ்டம்சிடிஎல் கட்டளை கொண்டு நாம்தான் தொடங்கிவைத்து, இயந்திரம் மறுபடி எழும்போதும் வரும்படி எனேபிள் செய்ய வேண்டும். அமைப்புக் கோப்பு முன்னதில் ஈடிசி (/etc) கோப்புறைக்குள் நேராகவே இருக்கும். பின்னதில் ஈடிசிக்குள் விஎஸ்எஃப்டிபிடி என்ற கோப்புறைக்குள். முதலில் மூன்று வரிகளைப் பாருங்கள்: ‘அனானிமஸ்_எனேபிள்=நோ’, ‘லோக்கல்_எனேபிள்=யெஸ்’, ‘ரைட்_எனேபிள்=யெஸ்’. முதல் வரி கணக்கு இல்லாதவரும் நுழையும் வசதிக்கானது, இரண்டாவது கணக்குள்ளவர்களை உள்ளே விடும், மூன்றாவது எழுத விடும். இதில் முதல் வரியை அழித்துவிட்டால் அந்த வசதி அணைந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறு. எவன்ஸின் மூல நிரலில் இருக்கும் இயல்பு மதிப்பு யெஸ். வரியை எடுத்துவிட்டால் பாஸ்வேர்டு இல்லாமலே யாரும் உள்ளே வந்துவிடக்கூடும். ஆகவே நோ என்று எழுதியே வையுங்கள்.

சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. வரியின் கடைசியிலும் கூடாது. ‘500 ஊப்ஸ், பேட் பூல் வேல்யூ’ என்று சர்வர் எழ மறுத்தால், அந்தக் கோப்பை ‘கேட்’ கட்டளையில் பெரிய ஏ விருப்பத்தோடு திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு டாலர் குறி நிற்கும். யெஸ்ஸுக்கும் டாலருக்கும் நடுவே ஒரு வெற்றிடம் தெரிந்தால் அதுதான் குற்றவாளி. விண்டோஸில் திருத்திக் கொண்டுவந்த கோப்பு என்றால் அதே இடத்தில் தொப்பிக் குறியும் எம் எழுத்தும் தெரியும். ‘லிசன்’, ‘லிசன்_ஐபிவி6’ இரண்டையும் யெஸ் ஆக்கினாலும் சர்வர் எழாது. இரண்டாவது மட்டும் போதும், ஐபிவி4 இணைப்புகளையும் அதுவே ஏற்கும்.

அடுத்தது சிரூட். யூசரை அவருடைய கோப்புறைக்குள்ளேயே அடைத்துவைக்க ‘சிரூட்_லோக்கல்_யூசர்=யெஸ்’ போட்டதும், பாஸ்வேர்டு சரியாக இருந்தும் இணைப்பு அறுந்துபோகும். அடைக்கப்படும் கோப்புறையில் அந்த யூசரே எழுத முடிந்தால் உள்ளே விட மாட்டேன் என்று சர்வர் மறுக்கிறது. எழுத முடிகிற வேர்க் கோப்புறைக்குள் போலியான அமைப்புக் கோப்புகளையோ நூலகங்களையோ வைத்து, ரூட் (கணினியின் தலைமைக் கணக்கு) அதிகாரத்தோடு ஓடும் பகுதியை ஏமாற்ற வழியுண்டு என்பதால் இந்தத் தடை. தேடினால் கிடைக்கும் முதல் தீர்வு ‘அலௌ_ரைட்டபிள்_சிரூட்=யெஸ்’. அது தீர்வல்ல, தடையைத் தூக்குவது மட்டுமே. சரியான வழிக்கு இரண்டு நிமிடம் போதும். அடைக்கப்படும் அந்த வேர்க் கோப்புறையை ரூட் பெயருக்கு மாற்றி 755 அனுமதி (சொந்தக்காரர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் பார்க்கலாம்) கொடுங்கள். அதற்குள் ‘அப்லோடு’ என்று ஒன்றை உருவாக்கி அதை மட்டும் யூசர் பெயருக்கு எழுதிவையுங்கள். யூசர் உள்ளே வந்ததும் ஒரு படி இறங்கி வேலை செய்வார், அவ்வளவுதான்.

இதே பிழை டிஎல்எஸ் (இணைப்பைக் குறியாக்கும் முறை) இயங்கும்போது வேறு வேஷத்தில் வரும். ஃபைல்சில்லா என்ற எஃப்டிபி கிளையன்டில் ‘குனுடிஎல்எஸ் எர்ரர் -15’ என்று பார்த்தவர்கள் சான்றிதழைச் சந்தேகப்பட்டு மறுபடி மறுபடி உருவாக்கிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் சான்றிதழில் குறையே இருக்காது. குறியாக்கத்தோடு போய்க்கொண்டிருந்த உரையாடலின் நடுவே ‘500 ஊப்ஸ்’ செய்தியைச் சர்வர் வெறும் எழுத்தாக அனுப்பிவிடுகிறது. கிளையன்டோ இது டிஎல்எஸ் பொட்டலம் இல்லையே என்று அலறுகிறது. ஐந்து நிமிடம் டிஎல்எஸ்ஸை அணைத்து, உள் நெட்வொர்க்கில் ஒருமுறை இணைத்துப் பாருங்கள். உண்மையான செய்தி அப்போதுதான் முகம் காட்டும்.

லாகின் ஆகிறது, ஆனால் கோப்புப் பட்டியல் வராமல் தொங்குகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், பேசிவ் போர்ட் (கோப்புப் பரிமாற்றத்துக்காகச் சர்வர் தனியாகத் திறக்கும் வாசல்) பிரச்சினை. எஃப்டிபியில் கட்டளை போவது போர்ட் 21 வழியாக. கோப்பும் பட்டியலும் ஒவ்வொரு முறையும் தனி இணைப்பில் வரும். அது எங்கே என்பதைச் சர்வர் 227 பதிலில் ஆறு எண்களாகச் சொல்லும். ‘192,168,1,20,156,74’ என்று வந்தால் முதல் நான்கும் முகவரி. போர்ட்டுக்கு 156ஐ 256ஆல் பெருக்கி 74ஐக் கூட்ட வேண்டும்: 40010. இந்த ஒரு வரியிலேயே இரண்டு நோய்களும் தெரிந்துவிடும். வெளியிலிருந்து வரும் கிளையன்டுக்கு 192.168 முகவரியைக் கொடுத்தால் அது எங்கே போய்ச் சேரும்? ‘பாஸ்வ்_அட்ரஸ்’ வரியில் பொது ஐபியைக் கொடுங்கள். போர்ட் ஃபயர்வாலில் திறந்திருக்கவும் வேண்டும்; ‘பாஸ்வ்_மின்_போர்ட்=40000’, ‘பாஸ்வ்_மேக்ஸ்_போர்ட்=40100’ என்று எல்லை வகுத்து, அதே எல்லையை ஃபயர்வாலிலும் ரூட்டரிலும் திறந்துவிடுங்கள். ஒரே நேரத்தில் நடக்கக்கூடிய பரிமாற்றங்களைவிடப் போர்ட் எண்ணிக்கை தாராளமாக இருக்கட்டும்.

ஃபைல்சில்லாவில் வேலை செய்கிறது, ஸ்கேனரில் மட்டும் செய்யவில்லை என்ற புகாருக்கும் காரணம் பெரும்பாலும் இங்கேதான். எட்டாத முகவரி வந்தால் ஃபைல்சில்லா அதை ஒதுக்கிவிட்டு, ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் முகவரிக்கே போய்விடும். பழைய சாதனங்களுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ‘நேற்றுவரை சரியாக இருந்தது, டிஎல்எஸ் போட்டதும் நின்றுவிட்டது’ என்பதும் இதே குடும்பம். அதுவரை ஃபயர்வாலின் கண்காணிப்பு மாட்யூல் 227 பதிலைப் படித்து, தேவையான போர்ட்டைத் தானே திறந்துகொண்டிருந்தது. குறியாக்கம் வந்தபின் அதனால் படிக்க முடியாது. எல்லை வகுத்துத் திறப்பது ஒன்றே வழி.

டிஎல்எஸ்ஸில் இன்னொரு மறுப்பும் உண்டு. கட்டளை இணைப்பின் டிஎல்எஸ் அமர்வையே கோப்பு இணைப்பும் தொடர வேண்டும் என்று சர்வர் கேட்கும். நடுவில் புகுந்து கோப்பைத் தட்டிச் செல்பவரைத் தடுக்கத்தான். அதைச் செய்யத் தெரியாத கிளையன்டுக்கு 522 பிழை வரும். முதலில் கிளையன்டைப் புதுப்பித்துப் பாருங்கள். வழியே இல்லை என்றால் மட்டும் ‘ரிக்வயர்_எஸ்எஸ்எல்_ரீயூஸ்=நோ’.

530 லாகின் பிழைக்குப் பாஸ்வேர்டை மாற்றிப் பயன் இல்லாதபோது யூசரின் ஷெல்லை (லாகின் ஆனதும் அவருக்காக ஓடும் கட்டளை நிரலை) பாருங்கள். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் இணைப்பு) வழியே வரக்கூடாது என்று ‘நோலாகின்’ கொடுத்திருப்போம். அது ஈடிசியில் உள்ள ஷெல்ஸ் கோப்பில் இல்லாவிட்டால் லாகினைச் சரிபார்க்கும் பாம் அடுக்கு மறுத்துவிடும். ஷெல்ஸ் கோப்பில் சேர்த்தால் மற்ற சேவைகளையும் அது பாதிக்கும். விஎஸ்எஃப்டிபிடிக்கு உரிய பாம் கோப்பில் ‘பாம்_ஷெல்ஸ்’ வரியை மட்டும் அணைத்துவிட்டு, ‘யூசர்லிஸ்ட்_எனேபிள்=யெஸ்’, ‘யூசர்லிஸ்ட்_டினை=நோ’ என்று போட்டு, அனுமதிக்கப்பட்ட பெயர்களை மட்டும் பட்டியலில் எழுதுவது மேல். இரண்டாவது வரியை மறந்தால் அதே பட்டியல் தடைப் பட்டியலாகிவிடும், ஜாக்கிரதை. ரெட்ஹேட் குடும்பத்தில் எல்லாம் சரியாக இருந்தும் எழுத முடியவில்லை என்றால் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கின் தணிக்கை லாகைத் திறந்து பாருங்கள்.

குறை என்று சொல்ல லாக்தான். இயல்பு நிலையில் எதற்கும் போதாது. ‘லாக்_எஃப்டிபி_புரோட்டோகால்=யெஸ்’ போட்டால் ஒவ்வொரு கட்டளையும் பதிலும் பதிவாகும். ஆனால் ‘எக்ஸ்ஃபர்லாக்_எஸ்டிடி_ஃபார்மட்’ யெஸ்ஸில் இருந்தால் எந்த அறிவிப்பும் இல்லாமல் இது வேலை செய்யாமல் போகும். அதை நோ ஆக்குங்கள். பிழைதிருத்தம் முடிந்ததும் முதலில் சொன்ன வரியை மறக்காமல் அணைத்துவிடுங்கள், லாக் சீக்கிரம் பெருத்துவிடும்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது 2011ஐ விட்டுவிட முடியாது. அந்த ஆண்டு 2.3.4 பதிப்பின் மூலப் பொட்டலத்தில் யாரோ பின்கதவு ஒன்றை நுழைத்தார்கள். யூசர் பெயரில் சிரிப்புக் குறியைச் சேர்த்தால் போர்ட் 6200இல் ஷெல் திறந்துகொள்ளும். ஓட்டை எவன்ஸின் நிரலில் இல்லை, பதிவிறக்கத் தளத்தில் கிடந்த பொட்டலத்தில்தான். டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்திருந்தால் அன்றே மாட்டியிருக்கும். டிஸ்ட்ரோ களஞ்சியத்திலிருந்தே நிறுவுங்கள்.

ஸ்கேனர், கண்காணிப்புக் கேமரா, எஃப்டிபி தவிர வேறெதுவும் தெரியாத பழைய மென்பொருள் ஆகியவற்றுக்கு இந்தச் சர்வர் அருமை. இரு முனையிலும் கணினியே இருந்தால் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் தரும் எஸ்எஃப்டிபியை (எஸ்எஸ்ஹெச் இணைப்புக்குள்ளேயே கோப்பு அனுப்பும் முறை) எடுத்துக்கொள்ளுங்கள். போர்ட் 22 ஒன்றே போதும், மேலே சொன்ன பேசிவ் கூத்து எதுவும் இல்லை. சிரூட் கண்டிப்பு அங்கே இன்னும் கடுமை: ‘/’ தொடங்கி அடைக்கப்படும் கோப்புறை வரை பாதையில் உள்ள ஒவ்வொன்றும் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், குழுவோ மற்றவரோ எழுதக்கூடாது. ஒன்று தவறினாலும் ‘புரோக்கன் பைப்’ என்று கிளையன்ட் அறுந்துவிடும். எந்தக் கோப்புறை தவறு என்பது சர்வரின் லாகில் மட்டுமே இருக்கும்.