ஆர்பியா, ஆர்10ஆ? சென்சாரை வைத்து ஒரு ஒப்பீடு

கேனான் கேமராக்களில் இஓஎஸ் ஆர்பி வாங்கலாமா, ஆர்10 வாங்கலாமா என்று யாரிடம் கேட்டாலும் "ஆர்பியில் ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கிடைக்கிறதே, இதில் யோசிக்க என்ன இருக்கு" என்றுதான் பதில் வரும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லுதான் சென்சார். ஆர்பியின் சென்சார் 35.9 x 24 மி.மீ., ஆர்10இன் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய வகை) சென்சார் 22.3 x 14.9 மி.மீ. பரப்பளவில் பார்த்தால் ஆர்பி இரண்டரை மடங்குக்கும் மேல் பெரிசு. ஆனால் மெகாபிக்சல் கிட்டத்தட்ட ஒன்றுதான், 26.2க்கு 24.2. அதனால் ஆர்பியில் ஒவ்வொரு பிக்சலும் பெரியது, அதே அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு), அதே ஷட்டர் வேகத்தில் மொத்தமாக அது வாங்கும் வெளிச்சமும் அதிகம். கல்யாண மண்டபத்தில் ஃப்ளாஷ் போடாமல் ஐஎஸ்ஓவை (வெளிச்ச உணர்திறன் அளவு) 6400க்கு ஏற்றி எடுத்துப் பாருங்கள், மணப்பெண் கன்னத்தில் தோலின் நிறம் ஆர்பியில் வழுவழுப்பாக நிற்கும், ஆர்10இல் நெற்றிச்சுட்டி நிழல் விழுகிற இடத்தில் பொடிப்பொடியாக நாய்ஸ், அதாவது புள்ளிகள், தெரியும். இதற்காகத்தான் கேமரா என்றால் ஆர்பியை வாங்கிக்கொள்ளுங்கள், தாராளமாக.

ஆனால் நல்ல வெளிச்சத்தில் கதை வேறு. ஆர்பி 2019இல் வந்தது, அதன் சென்சார் வடிவமைப்பு அதைவிடவும் பழையது. ஐஎஸ்ஓ 100இல் வானம் வெளுத்துவிடாமல் இருக்க எக்ஸ்போஷரைக் குறைத்து எடுத்துவிட்டு, அப்புறம் எடிட்டிங்கில் நிழல் பகுதியை நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) தூக்கினால் ஆர்பியில் அங்கே நாய்ஸ் கிளம்பிவிடும். அந்த இடத்தில் பெரிய சென்சார் என்ற சாதகம் காணாமல் போகிறது.

வீடியோ எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: 4கேயில் ஆர்பி சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் 1.6 மடங்கு கிராப் செய்து எடுக்கிறது, கேனானின் வேகமான டூயல் பிக்சல் ஆட்டோஃபோகஸும் அதில் வேலை செய்யாது. ஃபுல் ஃப்ரேமுக்குக் காசு கொடுத்துவிட்டு ஏபிஎஸ்-சி அளவில் படம் பிடிப்பது எந்த ஊர் நியாயம்? 2022இல் வந்த ஆர்10, நொடிக்கு 30 ஃப்ரேம் 4கேயில் சென்சாரின் முழு அகலத்தையும் 6கேயாகப் படித்துச் சுருக்கித் தருகிறது, துணியின் நெசவு வரை தெளிவாக இருக்கும்.

பறவை, விளையாட்டு என்றால் பேச்சே இல்லை, ஆர்10தான். தூரத்தில் இருக்கும் நாரையை அதே லென்ஸால் ஆர்பியில் எடுத்து ஆர்10 காட்டும் அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது சுமார் 10 மெகாபிக்சல், ஆர்10இல் 24ம் அப்படியே கிடைக்கும். மெக்கானிக்கல் ஷட்டரிலேயே ஆர்10 நொடிக்கு 15 படம் வேறு எடுக்கும், ஆர்பியில் 5தான். ஆர்10இன் எலக்ட்ரானிக் ஷட்டரை மட்டும் வேகமாக ஓடும் விஷயங்களுக்குப் போடாதீர்கள், கிரிக்கெட் மட்டை வளைந்து தெரியும்.

இரண்டிலும் பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி) இல்லை, பேட்டரியும் இரண்டுக்கும் ஒரே வகைதான், அதனால் அவற்றை வைத்து முடிவெடுக்க ஒன்றும் இல்லை. ஏபிஎஸ்-சி கேமராக்களுக்கென்று வரும் ஆர்எஃப்-எஸ் லென்ஸ்களை ஆர்பியில் மாட்டினால் படம் தானாகக் கிராப் ஆகிவிடும், ஆகவே நாளைக்கு ஃபுல் ஃப்ரேமுக்கு மாறுகிற எண்ணம் இருந்தால் ஆர்10 வாங்கும்போதே 50 எம்எம் எஃப்1.8 போல ஃபுல் ஃப்ரேமுக்கும் பொருந்தும் ஒரு ஆர்எஃப் லென்ஸாகப் பார்த்து வாங்கிவிடுங்கள்.